பிரேவ் கேர்ள்ஸின் ‘ரோலின்’: கேட்டீர்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, ‘ரோலின்’ 2017 பாட்டா, 2021 பாட்டா?

தென்கொரியப் பெண்கள் பாடல் குழுவான பிரேவ் கேர்ள்ஸின் இந்தப் பாட்டு 2017 மார்ச் 7-இல் வெளியானது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2021 மார்ச்சில் அதே பாட்டு கொரியப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது.

கேள்வி: நாலு வருஷம் கழித்து எப்படி?

இதைக் கேட்டதற்கு நன்றி, விரிவாகவே சொல்கிறேன். பெரிய மேடைகள் கிடைக்காத அந்த வருடங்களில் இவர்கள் ராணுவ முகாம்களுக்குப் போய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். வடகொரியக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிற பெங்னியோங் தீவுக்குக்கூடப் போனார்கள். இஞ்சியோனிலிருந்து கப்பலில் ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். கொரியாவில் ஆண்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். ஒரு தொகுதி சேவை முடிந்து வீட்டுக்குப் போகும்போது, அடுத்து வருகிறவர்களுக்கு இந்தப் பாட்டை ஒப்படைத்துவிட்டுப் போகும். 2021 பிப்ரவரி 24-இல் ஒருவர் அந்த முகாம் நிகழ்ச்சிகளை வெட்டி ஒட்டி, பார்த்தவர்களின் கருத்துகளையும் சேர்த்து யூடியூபில் போட்டார். சீருடையில் இருக்கும் பையன்கள் எழுந்து குதிக்கிறார்கள், வரிக்கு வரி கூடவே கத்துகிறார்கள். மேடையில் நால்வரும் முகம் மலர ஆடுகிறார்கள். கூட்டம் சின்னதாக இருக்கிறதே என்று ஒரு அசைவைக்கூட அவர்கள் குறைக்கவில்லை. குழுவைக் கலைத்துவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வீடியோ வந்தது. மார்ச் 14-இல் இன்கிகாயோ என்ற தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் முதல் பரிசு வாங்கினார்கள்.

கேள்வி: அப்படியானால் எல்லாம் யூடியூப் அல்காரிதத்தின் அதிர்ஷ்டம்தானே? பாட்டில் ஒன்றுமில்லை.

ஒத்துக்கொள்ள மாட்டேன். அல்காரிதம் வீடியோவைக் கண்ணில் காட்டும், அவ்வளவுதான். பாட்டை மறுநாளும் தேடிப்போய்க் கேட்கவைக்க அதனால் முடியாது. பார்வை எண்ணிக்கையை வைத்துப் பாட்டின் வெற்றியை அளக்காதீர்கள்.

கேள்வி (அதே நண்பர்): ரசிகர்கள் பாட்டை ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பட்டியலில் ஏற்றியிருப்பார்கள்.

கொரியாவில் இணையத்தில் பாட்டுக் கேட்கும் சேவையான மெலன், 2020 ஜூலையில் தன் பட்டியல் முறையையே மாற்றிவிட்டது. அப்போது ஒருவர் ஒரு பாட்டை 24 மணி நேரத்தில் எத்தனை முறை கேட்டாலும் ஒரு முறைதான் எண்ணப்பட்டது. நூறு தடவை ஓடவிட்டாலும் ஒன்றுதான். இவர்களுக்கோ அப்போது பெரிய ரசிகர் படையே கிடையாது. பிறகு முதலிடத்துக்கு யார் ஏற்றியது? பொது ஜனம்தான்.

கேள்வி (வேறொருவர்): இஎக்ஸ்ஐடி என்ற பெண்கள் குழுவுக்கும் இதேதானே நடந்தது?

பாதி சரி. அவர்களுடைய ‘அப் அண்ட் டவுன்’ பாட்டு 2014 ஆகஸ்டில் வந்தது. அக்டோபரில் குழு உறுப்பினர் ஹானியை மட்டும் படம்பிடித்த ரசிகர் வீடியோ பரவியது, 2015 ஜனவரியில் பரிசு வாங்கினார்கள். அது சில மாதக் கதை. இங்கே நாலு வருடம் சிப்பாய்கள் பாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். இந்த வித்தியாசத்தைத்தான் அல்காரிதம் நண்பருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ‘ரோலின்’ எப்போது வந்தது?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: அட்டைப்படத்தை மாற்றினார்களாமே, ஏன்?

பழைய படம் கொஞ்சம் கவர்ச்சியானது. வெளியில் கேட்கும்போது போன் திரையில் தெரிவது சங்கடமாக இருக்கிறது என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்டார்கள், 2021 மார்ச்சில் நிறுவனம் மாற்றிக் கொடுத்தது. கேட்டதற்கு உடனே செவிசாய்த்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேள்வி: யூடியூபில் இத்தனை கோடி பார்வை என்றால் எத்தனையாவது இடம்?

மறுபடியும் பார்வை எண்ணிக்கையா! அதற்கும் மெலன் பட்டியலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: 2021-இல் வந்த புதுப் பாட்டுதானே இது?

இல்லை. 2017. 2021-இல் வந்த புதுப் பாட்டு ‘சி மட் பா ராம்’, ஜூன் மாதம்.

கேள்வி: இந்தக் குழு இப்போது இருக்கிறதா?

2023-இல் பழைய நிறுவனத்தை விட்டு வெளியே வந்து பிபிகேர்ள்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள். 2024-இல் நால்வரில் ஒருவரான யூஜோங் விலகினார். மற்ற மூவரும் பாடுகிறார்கள்.