கரடிக் காட்டில் குளுக்கோஸ் டப்பாவை எங்கே வைப்பது?

கேள்வி: என் கணவருக்கு வயது 63. பதினான்கு வருடமாகச் சர்க்கரை. காலை, இரவு இரண்டு வேளையும் கலவை இன்சுலின் போடுகிறார். சில ராத்திரி சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டும் என்பதால் தலைமாட்டில் குளுக்கோஸ் டப்பா வைத்திருப்போம். ஜூனில் கனடாவில் உள்ள மகன் எங்களை அந்நாட்டின் வடமேற்கில் இருக்கும் யூகான் பக்கம் காரில் கூட்டிப்போகிறான். டாசன் சிட்டியிலிருந்து இனுவிக் வரை, வழியில் கூடாரம் போட்டுத் தங்குவதாகத் திட்டம். போகலாமா டாக்டர்?
- ஒரு வாசகி, காட்பாடி

பதில்: போகலாம் அம்மா. ஆனால் கூடாரம் வேண்டாம்.

அது கரடி நடமாடும் காடு. வாசனைக்குக் கரடி வரும் என்பதால் பிஸ்கட் மட்டுமல்ல, பற்பசையைக்கூடக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, காரில் பூட்டி வையுங்கள் என்பார்கள். உங்கள் வீட்டுக்காரரோ தலைமாட்டில் இனிப்பு இல்லாமல் படுக்கவே கூடாது. ராத்திரி 2 மணிக்குக் கை நடுங்க, கண் மங்க, ஜிப்பைத் தடவித் திறந்து அவர் காரைத் தேடிப் போக முடியுமா? படுக்கை வசதியுள்ள வேனாக எடுக்கச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், ராத்திரி சர்க்கரை இறங்குவதை நீங்கள் பழகிப்போன விஷயமாக எழுதியிருப்பது. பயணமே இல்லாவிட்டாலும் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். டோஸ் மாற்ற வேண்டியிருக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் டெஸ்டும் பார்க்க வேண்டும். நேர மாற்றத்தையும் அப்போதே கேளுங்கள். இங்கே காலை 7 மணி என்றால் யூகானில் முந்தின நாள் மாலை 6.30.

ஜூனில் இனுவிக்கில் சூரியன் மறைவதில்லை. ‘இன்னும் வெளிச்சம் இருக்கே’ என்று சாப்பாடு பத்து மணிக்குப் போகும். ஊசியோ எட்டுக்கே போட்டாகியிருக்கும். தட்டு முன்னால் வந்த பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி டெஸ்ட். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இறங்கிய சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து, மூக்கில் செலுத்தும் வடிவத்தில் அங்கே கிடைக்கும். மகன் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வாங்கி வைக்கட்டும்.

அக்னி நட்சத்திரத்தில் மண்பானை வைத்து இன்சுலினைக் காப்பாற்றுகிறவர்கள் நாம். அங்கே பயம் குளிரால். உறைந்த இன்சுலின் இளகினாலும் வீண்தான், தூக்கிப் போடுங்கள். விமானத்தில் கைப்பையிலேயே வரட்டும். ஐஸ் பெட்டியில் ஐஸோடு ஒட்ட வேண்டாம். குளிரும் ராத்திரி சட்டை உள்பையில் இருக்கட்டும். மீட்டரும் அப்படித்தான். சில்லிட்டுப் போனால் எரர் காட்டும்.

நீங்கள் இனுவிக் போகும் அந்த டெம்ப்ஸ்டர் சாலை 700 கிலோமீட்டருக்கு மேல் சரளைக்கல். பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. அந்தச் சாலையில் ஏறிய பிறகு 369-ஆவது கிலோமீட்டரில், ஈகிள் ப்ளெயின்ஸ் என்ற இடத்தில்தான் முதல் பெட்ரோல் பங்கும் ஹோட்டலும். சாட்டிலைட் கருவி இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

டோஸ் சரியான பிறகு, ஏலகிரியில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் ஊசி, மீட்டர், குளுக்கோஸ் மூன்றையும் அவரே தேடி எடுக்கிறாரா என்று, நீங்கள் எழுந்து உதவாமல், படுத்தபடியே கவனியுங்கள்.