ஓடிபி அடித்த நிமிடமே போனுக்குப் பெயர் வந்துவிடும்

கேள்வி: ஆடித் தள்ளுபடிக்காகச் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாலுக்குப் போனோம். மகளுக்காக அங்கிருந்த இலவச வைஃபையைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு சுடிதார் எடுத்ததோடு சரி, அப்புறம் போன் கைப்பைக்குள்தான் இருந்தது. மறுநாளிலிருந்து விளம்பர எஸ்எம்எஸ்ஸாக வருகிறது. பைக்குள் இருக்கும் போனை வைத்தே நம்மைக் கண்காணிப்பார்களா?
– வாசகி, அழகாபுரம்

பதில்: முடியும். ஆனால் உங்களுக்கு எஸ்எம்எஸ் வரும் வழி அதுவாக இருக்காது.

வைஃபை ஆனில் இருக்கும் போன், பக்கத்தில் எந்த நெட்வொர்க் இருக்கிறது என்று அடிக்கடி தேடிக்கொண்டே இருக்கும். அப்படித் தேடும்போது மேக் அட்ரஸ் என்ற அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பும். மாலின் கூரையில் ஆங்காங்கே இருக்கும் வைஃபை பெட்டிகள் அதைப் பிடித்து, சிக்னல் எங்கே வலுவாக இருக்கிறது என்று பார்த்தால், இந்த போன் துணிப் பிரிவில் எவ்வளவு நேரம் நின்றது என்று கணித்துவிடலாம். அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடைகளில் இப்படிச் செய்து, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததும் 2013-இல் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த எண்ணில் உங்கள் பெயரும் இல்லை, செல் நம்பரும் இல்லை. போதாததற்கு, ஐபோன்கள் 2014 முதலே தேடும்போது பொய்யான எண்ணை மாற்றி மாற்றிக் காட்டுகின்றன. இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களும் அப்படித்தான்.

விஷயம் மாறுவது இலவச வைஃபையில். செல் நம்பர் கொடுத்து, ஓடிபி அடித்து, 'சம்மதம்' என்ற கட்டத்தை யாரும் படிக்காமலே தட்டுகிறோமே, அங்கேதான். அதுவரை ஏதோ ஒரு போனாக இருந்தது, அந்த நிமிடம் முதல் உங்கள் நம்பருள்ள போன். தேடும்போது எண்ணை மாற்றினாலும், இணையும்போது ஒரே வைஃபைக்குப் பெரும்பாலான போன்கள் ஒரே மேக் எண்ணைத்தான் காட்டும் என்பதால், அடுத்த முறை நுழைந்ததும் தெரிந்துவிடும். ஏற்காட்டு விடுதி வைஃபையில் ஓடிபி கேட்டாலும் இதே கதைதான். இன்னொரு வழி பில் கவுண்டர். "நம்பர் சொல்லுங்க மேடம்" என்றதும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம்பர் தந்தால்தான் பில் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என 2023-லேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சொல்லியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அடம்பிடித்தால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் செய்யலாம்.

போனில் அந்த மால் வைஃபையை 'மறந்துவிடு' என்று கொடுங்கள். வைஃபையை அணைத்தாலும் ஆண்ட்ராய்டில் தேடல் ஓடலாம். லொகேஷன் அமைப்புக்குள் போய் வைஃபை ஸ்கேனிங், புளூடூத் ஸ்கேனிங் இரண்டையும் நிறுத்துங்கள். ஐபோனில் மேலிருந்து இழுத்து அணைப்பது போதாது, செட்டிங்ஸுக்குள் போய்த்தான் அணைக்க வேண்டும். கடையின் ஆப் இருந்தால் அதன் லொகேஷன் அனுமதியை எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால் ஆப்பையே நீக்கிவிடலாம்.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற வழி செய்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசமும் உண்டு. அதுவரை காத்திருக்காமல், 1909 என்ற எண்ணில் டிஎன்டி, அதாவது 'விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேண்டாம்' என்று பதிவு செய்துவிடுங்கள். அதற்குப் பிறகும் எஸ்எம்எஸ் வந்தால், அழிக்காமல் வைத்திருந்து அதே 1909 எண்ணில் புகார் கொடுங்கள்.