ஐந்தாம் தரப் பிள்ளைக்கு முதன்மைக் காரணிகளைச் சொல்லிக் கொடுக்கலாமா?

கேள்வி கேட்டவரின் மகள் ஐந்தாம் தரம் படிக்கிறாளாம். பெருக்கலும் வகுத்தலும் அவளுக்குச் சிரமமாக இருக்கிறது, முதன்மைக் காரணிகளை, அதாவது ஓர் எண்ணை மேலும் உடைக்க முடியாத எண்களின் பெருக்கலாக உடைப்பதை, இப்போதே சொல்லிக் கொடுத்தால் உதவுமா, இல்லை இன்னும் பாரமாகிவிடுமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் தனிப் பாடமாக நடத்தாதீர்கள். படித்த அன்றைக்கே அதை வைத்து ஒரு பெருக்கல் செய்ய வேண்டும்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். முதல் வருடம் கரும்பலகையில் 60 ஐ எழுதி, 2 ஆல் வகு, மறுபடி 2 ஆல் வகு, 3 ஆல் வகு என்று காட்டினேன். எல்லோரும் அழகாகச் செய்தார்கள். மறுநாள் 35 ஐ 18 ஆல் பெருக்கச் சொன்னபோது ஒரு பிள்ளைகூட அந்தப் பக்கம் போகவில்லை. முதல் நாளே பின் வாங்கில் இருந்த ஒருத்தி, "இத வச்சு என்னா டீச்சர் செய்றது?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு நான் பதில் சொல்லாமல் விட்டதுதான் பிழை.

அடுத்த வருடம் போஞ்சி விதையிலிருந்து தொடங்கினேன். ஆளுக்கு 12 விதை. சமமான நிரைகளாக அடுக்கச் சொன்னேன். நிரை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. அம்மா கொழுந்து எடுக்கிற நிரை அவர்களுக்குத் தெரியும். இரண்டு நிரை, மூன்று நிரை, நான்கு நிரை என்று விதவிதமாக அடுக்கினார்கள். பிறகு 7 விதை கொடுத்தேன். எப்படித் திருப்பினாலும் நீளமாக ஒரே நிரைதான் வந்தது. "ஒத்த நிர எண்ணு" என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். முதன்மை எண் என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் எழுதினேன்.

அப்புறம் 36 ஐக் கொடுத்து உடைக்கச் சொன்னேன். ஒருத்தி 4, 9 என்று தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் 6, 6 என்று எழுதினாள். நீ பிழை, நான் சரி என்று இரண்டு பேருக்கும் சண்டை. முழுக்க உடைத்துவிட்டு வாருங்கள் என்றேன். இரண்டு கொப்பியிலும் 2, 2, 3, 3. இரண்டு பேரும் ஒருவர் கொப்பியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் எதையும் விளக்கவில்லை. எந்த வழியாக உடைத்தாலும் கடைசியில் அதே துண்டுகள்தான் மிஞ்சும் என்பது அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

சரி, பெருக்கலுக்கு வருவோம். 35 பேர், ஆளுக்கு 18 கிலோ கொழுந்து. மொத்தம் எத்தனை கிலோ? 35 என்பது 5, 7. 18 என்பது 2, 3, 3. இதில் 5 ஐயும் 2 ஐயும் சோடி சேர்த்தால் 10. மிச்சம் 7, 3, 3. ஏழு ஒன்பது 63. பத்தால் பெருக்கினால் 630. 2 உம் 5 உம் எங்கே நிற்கின்றன என்று தேடுவதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும். 24 ஐ 75 ஆல் பெருக்கும்போது இரண்டு சோடி கிடைக்கும். அதுவே 100, மிச்சம் 18, விடை 1800.

வகுத்தலில் பலன் இன்னும் அதிகம். 420 கொப்பிகளை 28 பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்க 28 ஆம் வாய்ப்பாடு யாருக்குத் தெரியும்? 28 ஐ 2, 2, 7 ஆக உடைத்தால் போதும். 420 இன் பாதி 210, அதன் பாதி 105, அதை ஏழால் வகுத்தால் 15. வாய்ப்பாட்டில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்த வழி பெரிய கைகொடுப்பு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2, 3, 5, 7 ஆகிய நான்கு வாய்ப்பாடும் நன்றாகத் தெரிந்தால் 12, 14, 15, 21 எல்லாம் தன்னால் வந்துவிடும்.

ஒற்றை எண் எல்லாம் முதன்மை எண் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். 1921 இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துக்கொள்கிறேன். வளைவுகள் 9, அதாவது மூன்று மூன்று. பாலத்தின் நீளம் 91 மீற்றர். இது முதன்மை எண்ணா என்று கேட்டால் வகுப்பே ஆமாம் என்று சொல்லும். 2 ஆல் போகாது, 3 ஆல் போகாது, 5 ஆலும் போகாது. 7 ஆல் வகுத்துப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் 13 கிடைக்கும். 100 க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இந்த நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம். நான்கில் எதனாலும் போகாவிட்டால், அந்த எண் 1 ஐ விடப் பெரியதாக இருந்தால், அது முதன்மை எண்தான். அதற்கு அடுத்த முதன்மை எண் 11. பதினொரு பதினொன்று 121 ஆகி நூறைத் தாண்டிவிடுகிறதே.

எல்லாக் கணக்கிலும் இதைத் திணிக்க வேண்டாம். 35 ஐ 17 ஆல் பெருக்க உடைப்பு உதவாது. 630 இல் ஒரு 35 ஐக் கழித்தால் 595 என்று காட்டிவிட்டுப் போங்கள்.

மகள் ஒருநாள் 1 ஏன் முதன்மை எண் இல்லை என்று கேட்பாள். 36 ஐ உடைத்து எழுதிய வரியின் பின்னால் 1, 1, 1 என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் கொப்பி ஓரம் வரை எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தான். "இது முடியவே முடியாது டீச்சர்" என்றான்.