கடற்கரைத் தொண்டூழியம்: கேட்டவர்களுக்குப் பதில்

சிங்கப்பூரில் நடக்கும் கரையோரத் துப்புரவு, கடற்புல் கணக்கெடுப்பு, லாட நண்டு மீட்பு பற்றிய கேள்விகளைக் குழுவில் என்னிடம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பிடோக் வாசகி: சனிக்கிழமை குடும்பத்தோடு ஈஸ்ட் கோஸ்ட் போய்க் குப்பை பொறுக்கலாம் என்றிருக்கிறோம். எங்கே பதிய வேண்டும்?

நாலு பேர் போவதற்குப் பதிவு எதுவும் வேண்டாம். கையுறை, பை, மூடிய காலணி இருந்தால் போதும். பெரிய கூட்டமாகப் போனால் மட்டும் முன்கூட்டியே தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட்டைக் கூட்டிப் பெருக்க ஒப்பந்த ஊழியர்கள் இருக்கிறார்கள். லிம் சூ காங், கிராஞ்சி சதுப்புநிலப் பக்கம் அப்படி யாரும் இல்லை. அனைத்துலகக் கரையோரத் துப்புரவு இயக்கம் 1992லிருந்து சிங்கப்பூரில் நடக்கிறது. அவர்கள் தொண்டூழியர்களை இப்படிப்பட்ட இடங்களுக்கும் அனுப்புவது அதனால்தான். செப்டம்பரில் நடப்பதுதான் பெரிய நிகழ்வு. அங்கே பொறுக்குவதோடு வேலை முடியாது. உறிஞ்சுகுழல் எத்தனை, பாட்டில் மூடி எத்தனை, சிகரெட் துண்டு எத்தனை என்று ஒருவர் கத்த, இன்னொருவர் குறிப்பார். எனக்கு அந்தத் தாள்தான் முக்கியம். அள்ளிய குப்பை லாரியில் போய்விடும். எந்தக் கரையில் எது ஒதுங்குகிறது என்று பிறகு பேச, எழுதிய கணக்கு ஒன்றுதான் கையில் இருக்கும்.

காற்றையும் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் நிறைய ஒதுங்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் சாங்கி, பாசிர் ரிஸ் பக்கம்.

உயர்நிலை 3 மாணவர்: வி.ஐ.ஏ. (பள்ளி மாணவர்களின் சமூகத் தொண்டுத் திட்டம்) நேரம் கிடைக்குமா?

குழுவையும் உங்கள் பள்ளியையும் பொறுத்தது. போவதற்கு முன்பே ஆசிரியரிடம் கேளுங்கள் தம்பி.

செங்காங் வாசகர்: கடற்புல் கணக்கெடுப்பு என்கிறார்களே, அறிவியல் படிக்காதவர்கள் சேரலாமா?

தாராளமாக. டீம் சீகிராஸ் குழுவில் எல்லாத் தொழில்காரர்களும் உண்டு. 50 மீட்டர் நாடாவை விரித்து, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர்ச் சதுரச் சட்டத்தை வைப்போம். சட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு புல், எந்த வகை, என்ன உயிர் என்று எழுதுவோம். சிங்கப்பூரில் 12 வகைக் கடற்புல் உண்டு. நாடா மாதிரி நீண்டிருப்பது ஒன்று, கட்டைவிரல் நகம் அளவு இலை வைத்தது இன்னொன்று. இரண்டாம் முறை போகும்போது கண் பழகிவிடும். புல்வெளியில் வளைந்து வளைந்து ஒரு மொட்டைத் தடம் தெரிந்தால் அப்படியே நின்றுவிடுங்கள். கடற்பசு மேய்ந்த தடமாக இருக்கலாம். புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா, சாங்கிப் பக்கம் பார்த்திருக்கிறார்கள்.

நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். நடு ஆண்டில் நல்ல வற்றம் விடியலுக்கு முன் வரும், ஆண்டு இறுதியில் சாயங்காலம் வரும். அலைநேர அட்டவணை பார்க்காமல் கிளம்பவே கூடாது. நீர் திரும்பி ஏறினால் நமக்குப் பின்னால், கரைப் பக்கம்தான் முதலில் நிரம்பும்.

தெம்பனிஸ் வாசகி: செருப்புப் போட்டுக்கொண்டு வரலாமா?

கூடாது. கல்மீன் மணலோடு மணலாகக் கிடக்கும். மிதித்தால் முள் ஏறும், வலி தாங்க முடியாது. தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். தடித்த அடிப்பாகம் உள்ள மூடிய காலணி போடுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வலையில் லாட நண்டு சிக்கியிருந்தால் என்ன செய்வது?

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கவிழ்ந்தால் நிமிர்வதற்கு அதற்கு அந்த வால்தான் துணை. ஓட்டின் இரு பக்கமும் பிடியுங்கள். வலையை இழுக்கவும் வேண்டாம், கால்கள் பிய்ந்துவிடும். சிறு கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டுங்கள். பல கால்களில் இழை சுற்றியிருந்தால் நேரமாகும், பொறுமை வேண்டும். விடுவித்ததும் வாலை ஒருமுறை பாருங்கள்: உருண்டையாக இருந்தால் சதுப்புநில வகை, முக்கோணமாக இருந்தால் கடலோர வகை. நம்மிடம் இந்த இரண்டுதான் உண்டு. சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் மண்டாய் சேற்றுத்திட்டில் நீண்டகாலமாக இவற்றை மீட்டு அளந்து வந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆமை என்றால் தொடாதீர்கள். அழுங்காமை ஈஸ்ட் கோஸ்ட்டிலேயே முட்டையிட்டிருக்கிறது. விளக்கை அணைத்துத் தள்ளி நின்று தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஜூரோங் வாசகர்: கடலில் பூசைப் பொருள் விடுவது நம் வழக்கம். போன தடவை அதையும் குப்பைக் கணக்கில் எழுதினீர்களாமே?

எழுதினேன் அண்ணே, இனியும் எழுதுவேன். சாங்கிக் கரையில் மண்சட்டி, தேங்காய், சிவப்புத் துணி, கண்ணாடிச் சட்டத்தோடு சாமிப்படம் எல்லாம் கிடைக்கின்றன. படத்தை யாரும் மிதிக்கக் கூடாதென்று நான் தனியாகத் துணியில் சுற்றி வைப்பேன். விட்டவர் கடல் வாங்கிக்கொண்டது என்று நினைத்துப் போகிறார். அடுத்த நீரேற்றத்தில் அது கரைக்கே திரும்புகிறது.

அதே வாசகர்: பூ மக்கும்தானே?

பூ மக்கும். மாலை கட்டிய நைலான் நூலும் ஜரிகையும் மக்காது. லாட நண்டின் காலில் நூல் சுற்றியிருந்ததைக் கையால் எடுத்தவள் சொல்கிறேன்.

ஈசூன் வாசகர்: கப்பல்காரர்கள் எண்ணெயைக் கொட்டுகிறார்கள், நம் பூவைக் குறை சொல்கிறீர்கள்.

2024 ஜூன் 14ல் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடோர், ஈஸ்ட் கோஸ்ட் என்று கரைகளை மூடினார்கள். அந்தக் கறுப்பைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. அதற்காக நூலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எண்ணெய் நம் கையில் இல்லை, மாலை நம் கையில் இருக்கிறது.

வழக்கத்தை விடச் சொல்லவில்லை. அஸ்தி கரைக்க செமக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். படகில் போகலாம். மற்றதற்கு: வாழைநூலில் கட்டுங்கள், துணியும் சட்டமும் வீட்டுக்குத் திரும்பட்டும், உதிரிப்பூ கொஞ்சம் போதும். கரையில் விட்டுப் போனால் குப்பை போட்ட குற்றத்துக்கு அபராதமும் வரலாம்.

பொங்கோல் வாசகி: பாட்டி நினைவாகக் கடையில் மீன் வாங்கிக் கடலில் விடலாமா?

வேண்டாம் அம்மா. நன்னீர் மீன் உப்புத்தண்ணீரில் துடித்துச் சாகும். பாட்டி பெயரில் ஒரு காலை எங்களோடு வாருங்கள்.

வேறொரு மாணவர்: வி.ஐ.ஏ. நேரம்...?

மேலே சொல்லிவிட்டேன்.

முக்குளிப்பவர்: கடலடித் துப்புரவு உண்டா?

அது என் துறை அல்ல. ‘அவர் சிங்கப்பூர் ரீஃப்ஸ்’ (Our Singapore Reefs) என்ற குழுவைக் கேளுங்கள்.

கிளமெண்டி வாசகர்: எனக்கு நீச்சல் தெரியாது.

வரலாம். முழங்காலுக்கு மேல் நாங்கள் இறங்குவதில்லை. இடி கேட்டால் எல்லாரும் கரையேறிவிடுவோம்.