லிஸனரைக் கன்ஸ்ட்ரக்டரிலேயே இணைத்துவிடலாமா?

ஜாவாவில் ஈவென்ட் (பட்டனை அழுத்துவது போன்ற நிகழ்வு) கிளம்பும் ஆப்ஜெக்ட்டையும் அதைக் கேட்கும் ஆப்ஜெக்ட்டையும், அதாவது லிஸனரையும், யார் இணைக்க வேண்டும், எங்கே இணைக்க வேண்டும், கேட்பவரின் கன்ஸ்ட்ரக்டரிலேயே (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதியிலேயே) இணைக்கும் அந்த ஒரு வரியைப் போட்டுவிட்டால் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கல்லூரியில் கடைசி வருடமோ, முதல் வேலையில் முதல் ஆறு மாதமோ என்று நினைக்கிறேன். பட்டனை அழுத்தினால் வேலை நடக்கிறது, ஆனாலும் மனதில் ஏதோ உறுத்துகிறது, அதனால் கேட்கிறீர்கள். அந்த உறுத்தல் சரியானது. எனக்கு அது வரவில்லை. நான் கன்ஸ்ட்ரக்டரில்தான் இணைத்தேன். அதனால் ஒரு மனிதர் தலைகுனிந்து நிற்க வேண்டியதாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் விஷயம். சொல்லும் ஆப்ஜெக்ட் தன்னிடம் ஒரு பட்டியல் வைத்திருக்கும். கேட்க விரும்புபவர்கள் அதில் பெயர் கொடுக்கிறார்கள். நிகழ்வு நடந்ததும் அது பட்டியலை வரிசையாகப் பார்த்து ஒவ்வொருவரின் மெத்தட்டையும் கூப்பிடும். கூப்பிடப்படுபவர் எந்தக் கிளாஸ் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இன்ன மெத்தட் இருக்கிறது என்று ஒரு இன்டர்ஃபேஸ் உறுதி சொன்னால் போதும். 1996-ல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பில் இது இப்படி இல்லை. பட்டனில் நடந்தது, அதைச் சுற்றியிருக்கும் பெட்டி பெட்டியாக மேலே ஏறும். சப்கிளாஸ் செய்து மெத்தட்டை மாற்றி எழுதித்தான் அதைப் பிடிக்க வேண்டும். 1997-ல் 1.1 வந்தபோதுதான் இப்போது நாம் எழுதும் லிஸனர் முறை வந்தது. எல்லாப் புத்தகத்திலும் இவ்வளவும் இருக்கிறது. பெயர் கொடுத்தவர் எப்போது பெயரை எடுக்க வேண்டும் என்பதுதான் ஓரமாக ஒரு வரியில் போய்விடுகிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த இடத்தில் அந்த ஒரு வரியும் இல்லை. கால்குலேட்டர் ப்ரோக்ராம் எழுதினோம், ரெக்கார்டு நோட்டில் ஒட்டினோம், மதிப்பெண் வாங்கினோம். கால்குலேட்டரில் ஒரே ஜன்னல், மூடினால் ப்ரோக்ராமே முடிந்துவிடும். பெயரை எடுக்க வேண்டிய தேவையே அதில் வராது.

2012-ல் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளி வியாபாரிக்கு ஸ்விங்கில் (ஜன்னல், பட்டன் எல்லாம் செய்யும் ஜாவாவின் தொகுப்பு) ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருந்தேன். சேலத்துக் கொலுசுத் தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வியாபாரி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்காரரிடம் கொடுப்பார். அவர் வீட்டிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து கொலுசாக்கிக் கொண்டுவருவார். வந்ததை எடை போட்டு, சேதாரம் கழித்து, கூலி கொடுத்துக் கணக்கு முடிப்பார்கள். நாள் முழுக்க எடைதான். கிராமில் தப்பு வந்தால் நாணயத்தில் தப்பு வந்த மாதிரி.

கொடுப்பு மேசையில் எலக்ட்ரானிக் தராசு. சீரியல் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தேன். தராசில் பட்டனை அழுத்தினால் எடை ஒரு வரியாக வரும். என் ப்ரோக்ராமில் தராசு ஒரு ஆப்ஜெக்ட். அதைக் கேட்பவர்கள் மூன்று பேர்: எடையைப் பெரிதாகக் காட்டும் பலகை, சீட்டு அச்சடிக்கும் பகுதி, அப்புறம் கொடுப்புத் திரை. கணக்குப்பிள்ளை திரையில் பட்டறைக்காரர் பெயரைத் தேர்ந்தெடுத்து எடை போட்டால் அவர் கணக்கில் பதிவாகும். கொலுசு திரும்பி வருவது வேறு மேசை, வேறு தராசு.

கொடுப்புத் திரை தன் கன்ஸ்ட்ரக்டரில் தராசிடம் பெயர் கொடுத்துக்கொண்டது. நீங்கள் கேட்கும் அதே ஒரு வரி. எட்டு மாதம் ஒரு புகாரும் இல்லை.

அந்த வருடம் நினைவிருக்கிறதா? சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. எங்கள் பக்கம் மதியம் கரண்ட் போகும் நேரம்தான் சாப்பாட்டு நேரம். கணக்குப்பிள்ளை திரையை மூடிவிட்டுக் கிளம்புவார், கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். வந்து திரும்பப் போட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மின்வெட்டுதான் என் தப்பைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி நல்ல யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தார். அன்று மதியம் கம்ப்யூட்டர் அணையவில்லை.

கணக்குப்பிள்ளை வழக்கம்போலத் திரையை மூடினார். ஸ்விங்கில் ஜன்னலை மூடினால், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை, அது மறைந்துகொள்ளும், அவ்வளவுதான். தராசின் பட்டியலில் அதன் பெயர் அப்படியே இருந்தது. சாப்பிட்டு வந்து திறந்தபோது புதிய திரை உருவாகி, அதுவும் பெயர் கொடுத்தது. இப்போது பட்டியலில் இரண்டு கொடுப்புத் திரைகள். கண்ணுக்குத் தெரிவது ஒன்று. தெரியாத மற்றொன்றில், சாப்பாட்டுக்கு முன் கடைசியாக வெள்ளி வாங்கிப் போனவரின் பெயர் தேர்ந்தெடுத்தபடியே இருந்தது. மதியத்துக்குமேல் இரண்டு பேர் வெள்ளி வாங்கினார்கள், ஒருவர் 412.60 கிராம், மற்றவர் 365.20. இரண்டும் அவரவர் கணக்கில் சரியாக ஏறின. கூடவே அந்த முன்மதியக்காரர் கணக்கிலும் ஏறின.

சனிக்கிழமை கொடுப்பு கிடையாது, கணக்குத் தீர்ப்பு மட்டும். அந்த முன்மதியக்காரர் வந்து கொலுசை வைத்தார். கம்ப்யூட்டர் அவர் இன்னும் 777.80 கிராம் வெள்ளி தர வேண்டும் என்றது. அன்றைய விலைக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அவர் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டையும் சீட்டையும் எடுத்துக் காட்டினார். சீட்டு சரியாகத்தான் இருந்தது, ஏனென்றால் அச்சடிக்கும் பகுதி பட்டியலில் ஒன்றே ஒன்றுதான். ஆனால் சீட்டு தொலைந்து போகக்கூடியது, நோட்டில் எழுதாமல் விடலாம், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றார்கள். இருபது வருடமாக அந்தக் கடைக்கு வேலை செய்தவர். பத்துப் பேர் நிற்கும்போது இது நடந்தது.

என்னை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள், அதுவும் வேறு எதற்கோ. பேச்சுவாக்கில் இதைச் சொன்னார்கள். பதிவுகளைத் திறந்து பார்த்தேன். 412.60 இரண்டு பேர் பெயரில், ஒரே நிமிடம், ஒரே விநாடி. கீழே 365.20, அதுவும் அப்படியே. ஒரு தராசில் ஒரே விநாடியில் இரண்டு பேருக்கு எடை போட முடியாது. இருப்புப் பெட்டியைத் திறந்து எடை போடச் சொன்னேன். கணக்கில் இருக்க வேண்டியதைவிட 777.80 கிராம் கூடுதலாக இருந்தது. முந்தைய நாளே அந்தப் பெட்டியை யாராவது திறந்திருந்தால் போதும்.

இங்கே சிலர் வந்து, “முதலாளி விசாரித்திருக்க வேண்டும், ப்ரோக்ராமரைக் குறை சொல்வானேன்” என்பீர்கள். அவர் அவசரப்பட்டது உண்மைதான். ஆனால் அவர் நம்பியது நான் எழுதியதை. தப்பு என்னுடையது.

வேறு சிலர் “வீக் ரெஃபரன்ஸ் போட்டிருந்தால் முடிந்தது” என்று எழுதுவீர்கள், முன்பே ஒரு தடவை எழுதினீர்கள். கேட்பவரை மெமரியில் இருத்திவைக்காத தளர்ந்த பிடிப்புதான் அது. தயவுசெய்து யோசியுங்கள். சொல்பவர் கேட்பவரைப் பட்டியலில் பிடித்திருப்பதால், வேண்டாத ஆப்ஜெக்ட்டுகளை மெமரியிலிருந்து துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் அந்தத் திரையை எடுக்காது, அது மெமரி பிரச்சினை. லிஸனரை அனானிமஸ் கிளாஸாக (திரையின் உள்ளேயே பெயரில்லாமல் எழுதும் கிளாஸ்) எழுதியிருந்தேன், அது தன்னைச் சுற்றியிருக்கும் திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. வீக் ரெஃபரன்ஸ் மெமரிக்கு மருந்து. ஆனால் கார்பேஜ் கலெக்டர் எப்போது வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. அது வரும்வரை மறைந்த திரை கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பதிந்துகொண்டேதான் இருக்கும். என் கடையில் கெட்டது மெமரி இல்லை, ஒருவர் பெயர். இன்னொரு பக்கம், லிஸனரை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் வேண்டியவரே சத்தமில்லாமல் காணாமல் போவார். ஜாவாவிலேயே இதே வேலைக்கு ரெடிமேடாக அப்சர்வர் இருக்கிறதே என்பவர்களுக்கு: 2017-ல் ஜாவா 9-லேயே அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதை வைத்திருந்தாலும் பெயரை எடுக்கும் வேலை நம்முடையதுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கன்ஸ்ட்ரக்டரில் இணைக்காதீர்கள். ஒரு காரணம், ஆப்ஜெக்ட் பாதி கட்டப்பட்ட நிலையிலேயே தன்னை வெளியே கொடுக்கிறது. என் தராசைப் படிப்பது தனி த்ரெட் (மற்ற வேலைகளோடு ஒரே நேரத்தில் ஓடும் இன்னொரு ஓட்டம்), திரை முழுதாக உருவாகும் முன்பே எடை வந்து நிற்கலாம். அதைவிடப் பெரிய காரணம், கன்ஸ்ட்ரக்டருக்கு எதிரே பெயரை எடுக்க நம்பகமான இடம் ஜாவாவில் இல்லை. திறக்கும்போது இணைத்தால் மூடும்போது எடுக்கலாம், இரண்டும் கண்ணெதிரே ஜோடியாக இருக்கும். இணைக்கும் வரியை எழுதிய அதே நிமிடம் எடுக்கும் வரியையும் எழுதுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஆயுள் ஒன்றே என்றால், கால்குலேட்டர் மாதிரி, எடுக்காவிட்டாலும் நஷ்டமில்லை. தராசு போல நாள் முழுக்க வாழ்பவரிடம், திரை போல வந்து போகிறவர் பெயர் கொடுக்கும் இடத்தில்தான் ஆபத்து.

எடுக்க வேண்டுமென்றால் கொடுத்த அதே ஆப்ஜெக்ட் கையில் இருக்க வேண்டும். லாம்டாவை (பெயரில்லாத சின்னச் செயல்பகுதியை) அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு, எடுக்கும்போது அதே வரியை மறுபடி எழுதினால் அது வேறு ஆப்ஜெக்ட், எடுபடாது, பிழையும் காட்டாது. ஜாவாஸ்கிரிப்டிலும் சி ஷார்ப்பிலும் இதே கதைதான். ஒரு ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பட்டியலைச் சுற்றிவரும்போதே ஒருவர் பெயரை எடுத்தால் சாதாரண அர்ரேலிஸ்ட் பெரும்பாலும் எக்செப்ஷன் வீசும், அதற்குக் காப்பி-ஆன்-ரைட் பட்டியல் (மாற்றும்போது நகலெடுத்துக்கொள்வது) இருக்கிறது. தராசின் த்ரெட்டிலிருந்து திரையைத் தொடாதீர்கள், வேலையைத் திரையின் த்ரெட்டிடம் ஒப்படைக்கும் இன்வோக்-லேட்டர் வழியாகப் போங்கள். யாரை முதலில் கூப்பிடும் என்ற வரிசையை நம்பி எதையும் எழுதாதீர்கள். இவையெல்லாம் தேடினால் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். “இன்னும் சேலத்திலேயா இருக்கே, பெங்களூர் போகலையா” என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்கிறார்கள். லீ பஜார் மண்டியிலும் ஜவ்வரிசி ஆலையிலும் தறிக் கூடத்திலும் ஓடுகிற கணக்கு ப்ரோக்ராம்களை எழுதியது யார்? இந்த ஊரில் தங்கிவிட்டவர்கள்தான். அந்த யூபிஎஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் அன்றே ரொக்கம் கொடுத்தார்கள். வருடப் பராமரிப்புக்கு நான் கேட்ட தொகைக்கு “என்ன தேய்ந்துபோகுது அதில்” என்றார்கள். கிராமுக்குக் கூலி கணக்கிடத் தெரிந்தவர்களுக்கு, ஒரு ப்ரோக்ராமை மாதம் ஒரு முறை உட்கார்ந்து பார்ப்பதும் கூலிவேலை என்று புரியவைக்க இன்றுவரை என்னால் முடியவில்லை. மாதம் ஒரு முறை பார்த்திருந்தால் யூபிஎஸ் வைத்த செய்தியாவது எனக்கு வந்திருக்கும்.

திங்கட்கிழமை சிவதாபுரத்தில் அந்தப் பட்டறைக்காரர் வீட்டுக்குப் போனேன். முதலாளி அவரிடம் போனில் பேசியிருந்தார். ஆனாலும் பட்டறைக்காரர் சரியாக முகம் கொடுக்கவில்லை. தப்பு தராசுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை, நான் எழுதியதில்தான் என்று முழுதாக விளக்கினேன். மூடிய திரை, பட்டியல், எல்லாம். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் கேட்டுவிட்டு, “அப்ப அந்தத் தராசு யார் யாருகிட்ட எல்லாம் சொல்லுதுன்னு உனக்கே தெரியாதா தம்பி?” என்றார்.

“தெரியலைங்கண்ணா” என்றேன்.

அவர் அந்தக் கடைக்குத் திரும்ப ஒரு மாதம் ஆனது. அதற்குள் திரையின் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: “தராசைக் கேட்பவர்கள் 3: எடைப்பலகை, சீட்டு, கொடுப்பு.” எண்ணிக்கை மூன்றைத் தாண்டினால் வரி சிவப்பாகும், பதிவு நின்றுவிடும். அவர் வந்த அன்று கணக்குப்பிள்ளை அதைக் காட்டியிருக்கிறார். இப்போதும் வெள்ளி வாங்கும்போது அவர் சீட்டைப் பார்ப்பதற்கு முன் எட்டி அந்த வரியைத்தான் பார்க்கிறாராம்.