கச்சாங் பூத்தே பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் மகள், நிலக்கடலை 'நட்ஸ்' அல்ல, பயறு இனம் என்று சாதிக்கிறாள். கச்சாங் பூத்தே என்னும் கொறிக்கும் கடலைக் கலவையை வாங்கினால் கடலையும் முந்திரியும் ஒரே பொட்டலத்தில்தானே வருகின்றன? சாப்பிடுகிறவருக்கு இந்த வகைப்பாட்டால் என்ன பயன்?

வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொல்வது சரி. நிலக்கடலையின் மஞ்சள் பூ கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு, வளைந்து, மண்ணுக்குள் இறங்கும். காய் அங்கேதான் முதிர்கிறது. துவரைக்கும் உளுந்துக்கும் அது நெருங்கிய சொந்தம். முந்திரியோ மரத்தில் காய்ப்பது, மாமரத்தின் குடும்பம். நாம் முந்திரிப்பழம் என்பது உண்மையில் பருத்த காம்புதான். அதன் அடியில் தொங்கும் கொட்டைக்குள் இருக்கிறது பருப்பு.

திரையரங்கு வாசல்களில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி கச்சாங் பூத்தே விற்றவர்களில் நம்மவர்களே அதிகம். மலாய் மொழியில் பயற்றங்காய், பாசிப்பயறு, நிலக்கடலை எல்லாமே கச்சாங்; முந்திரிக்கும் அதில் இடம் உண்டு. கொறிப்பதற்கு அந்தப் பெயர் தாராளமாகப் போதும்.

ஆனால் ஒவ்வாமை உள்ள பிள்ளை வளரும் வீட்டில், பயன் என்ன என்ற கேள்வியே எழாது. சிங்கப்பூர் உணவு விதிமுறைகள் நிலக்கடலையையும் சோயாவையும் ஒரு பிரிவிலும், முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளை வேறு பிரிவிலும் வைத்திருக்கின்றன. பொட்டல உணவில் எது இருந்தாலும் மேலே அச்சிட்டாக வேண்டும். மிகச் சரியான ஏற்பாடு. முந்திரி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டும் ஒரே குடும்பம் என்பதே காரணம். அதற்காகத் தாவரவியலை மட்டும் நம்பிவிடவும் முடியாது. நிலக்கடலை ஆகாதவர்களில் பெரும்பாலோர் துவரம்பருப்புச் சாம்பாரைச் சிக்கலின்றிச் சாப்பிடுகிறார்கள். அதே ஆட்களில் பலருக்கு, எந்த உறவும் இல்லாத மரக்கொட்டைகள் ஆகாமல் போகின்றன. யாருக்கு எது ஆகாது என்பதை மருத்துவப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

எனக்குக் கவலை தருவது அங்காடிக் கடை. அங்கே தட்டில் வரும் உணவுக்கு மேலட்டை கிடையாது. குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சியான சாத்தேயின் குழம்பிலும், சீன ரோஜாக் என்னும் காய்கனிக் கலவையிலும் நிலக்கடலை இருக்கிறது. குருமாவில் பல கடைகளில் முந்திரி அரைத்து ஊற்றுகிறார்கள். "நட்ஸ் போட்டிருக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால், கடைக்காரர் முந்திரியையும் பாதாமையும் மனத்தில் வைத்து, கடலைக் குழம்பைக் கிளறிக்கொண்டே நல்லெண்ணத்தோடு "இல்லை" என்று சொல்லிவிடக்கூடும். நிலக்கடலை உண்டா, முந்திரி உண்டா என்று பெயர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். மகளுக்கும் அப்படியே கேட்கச் சொல்லிக்கொடுங்கள். அவளுடைய வகுப்பில் ஒவ்வாமை உள்ள தோழி ஒருத்தி இருக்கலாம்.