"எனக்குக் கணக்கு மூளை கிடையாது" என்று மகள் சொல்லும்போது

அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பிளஸ் டூ முடித்த மகள் போனில் ஒரு இலவச ஆளுமைத் தேர்வு எழுதியிருக்கிறாள். அதற்கு அப்புறம் "நான் இன்ட்ரோவெர்ட் (தனக்குள் ஒதுங்கி இருப்பவள்), கணக்கு மூளை கிடையாது, எக்ஸாம் என்றாலே பதறுகிறேன், இன்ஜினியரிங் வேண்டாம்" என்கிறாள். அவள் அப்பாவோ கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் சீட் கிடைத்தால் போதும் என்று நிற்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

அவள் சொன்னதில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாகத்தான் எடை போட வேண்டும்.

அதற்கு முன் அந்தப் போன் தேர்வு. இப்படிப்பட்ட தேர்வுகள் ஆளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்துவிடுகின்றன. ஆனால் பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்பவர்கள். இன்னொரு நாள் எழுதினால் முடிவு மாறலாம். "அப்படியே என்னைப் பத்திச் சொல்லியிருக்கு" என்று மகள் வியந்ததிலும் ஆச்சரியமில்லை. 1940-களில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பில் ஒரு தேர்வு வைத்து, அவரவருக்கான முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்தார். பொருத்தத்துக்கு மாணவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. அந்த வாசகத்தை அவர் திரட்டியது கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து!

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிமின் வஸீர் என்ற உளவியல் பேராசிரியர், இப்போது மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். ஒருவரைப் பற்றி யாருக்கு எது நன்றாகத் தெரியும் என்பதை ஆராய்ந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்லூரி மாணவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டார்கள். நண்பர்களும், அப்போதுதான் சந்தித்த அந்நியர்களும் அவர்களை மதிப்பிட்டார்கள். பிறகு ஆய்வகத்தில் வைத்த சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பதற்றம் போல உள்ளுக்குள் நடப்பதை அவரவரே சரியாகச் சொன்னார்கள். கலகலப்பாகப் பேசுபவரா இல்லையா என்பது எல்லோருக்குமே தெரிந்தது. புத்திசாலித்தனம், கற்பனைத்திறன் இரண்டிலும் நண்பர்கள் சொன்னதே உண்மைக்கு நெருக்கம். நல்லது கெட்டது என்று மதிப்புக் கட்டும் குணங்களில் நம்மை நாமே நேராகப் பார்க்க முடிவதில்லை என்பது அவர் தரும் விளக்கம். அமெரிக்க மாணவர்களிடம் நடந்த ஆய்வுதான். நம் சேலத்துப் பிள்ளைகளுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் யோசிக்க நல்ல வழி.

அப்படிப் பார்த்தால், பதறுகிறேன் என்று அவள் சொல்வதை நம்புங்கள். "சும்மா பயப்படாதே" என்று தள்ளிவிடாதீர்கள். தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்கு இருந்தால் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், காசு கிடையாது. இன்ட்ரோவெர்ட் என்பதும் உண்மையாக இருக்கட்டும், அதைக் காரணமாக வைத்து எந்தப் படிப்பையும் ஒதுக்க வேண்டியதில்லை.

கணக்கு மூளை கிடையாது என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. உங்கள் கடிதத்திலேயே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக் கூலிக் கணக்கை அவளாகவே எக்ஸெல்லில் போட்டு, எந்த வேலையில் சேதாரம் அதிகம் போகிறது என்று அப்பாவுக்குக் காட்டினாளாமே! கணக்கு வராத பெண் செய்கிற வேலையா இது? பிளஸ் டூ கணக்குத் தேர்வில் மார்க் குறைந்ததற்குப் பதற்றம் காரணமா, அடிப்படை காரணமா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அவள் தோழிகள் மூன்று பேரிடமும், அவளை நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியரிடமும் கேளுங்கள். "அவள் கெட்டிக்காரியா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "எந்தச் சந்தேகம் வந்தால் அவளிடம் போவீர்கள்" என்று கேளுங்கள். பெற்றோர் மதிப்பீட்டை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன், கோபிக்காதீர்கள். சொந்த மதிப்பீட்டில் வரும் அதே கோளாறு பிள்ளை விஷயத்தில் நமக்கும் வரும்.

இன்னொன்று. நமக்கு எது பிடிக்கும் என்பதை, நாம் செய்வதைப் பார்த்தேதான் பல நேரம் தெரிந்துகொள்கிறோம் என்று டேரில் பெம் என்ற உளவியலாளர் சொன்னார். ஆகவே இந்த விடுமுறையில் அவள் கை வைத்துப் பார்க்கட்டும். பட்டறைக் கணக்கை இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்யட்டும். ஏற்காட்டில் தம்பி வீட்டு ஹோம்ஸ்டே இருக்கிறது என்றீர்களே, கோடை விழா கூட்டத்தில் ஒரு வாரம் அங்கே புக்கிங் பார்க்கட்டும். எதில் நேரம் போவதே தெரியவில்லை என்று அவளே சொல்வாள்.

அப்பாவிடம் ஒரு சமாதானம் சொல்லுங்கள்: கலந்தாய்வுக்குப் பதிவு செய்வதால் இன்ஜினியரிங் சேர்ந்தே தீர வேண்டும் என்றில்லை. கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், புள்ளியியல், பி.காம். என்று கூடவே விண்ணப்பித்து வையுங்கள். விருப்பப் பட்டியல் போடும்போது பிரவுசிங் சென்டர்காரர் கையில் கொடுத்துவிடாமல் அவளையே உட்கார வையுங்கள், பாஸ்வேர்டும் அவளிடமே இருக்கட்டும். அடுத்த முறை வரும்போது அந்த எக்ஸெல் ஷீட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், நான் பார்க்க வேண்டும்.